தனி ஐஸ் பெட்டி இல்லாமல் லாகர்: மீன் பெட்டியும் 1.5 லிட்டர் ஐஸ் போத்தலும் போதுமா?

சிப்புட்_லயம் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு, தகரக் கூரை. மத்தியானம் அறைக்குள்ள 31 டிகிரி, விடியக்காத்தால 25. வீட்டுல பீர் காய்ச்சுறேன். ஏல் (அறைச் சூட்டுல நொதிக்கிற பீர்) ஈஸ்ட்ல 10 லிட்டர் போட்டா பழ வாடை கொஞ்சம் தூக்கலா வருது, ஆனா குடிக்கலாம். அடுத்து லாகர் (குளிர்ல நொதிக்கிற பீர்) போடணும்.

வீட்டுல ஒரே ஐஸ் பெட்டி, இரண்டு கதவு. மேல ஃப்ரீசர்ல 1.5 லிட்டர் போத்தல் நாலு படுக்க வைக்கலாம். கீழ்த்தட்டுல ஒரு வரிசை கிடைக்கும், அதுக்கு மேல கேட்டா அம்மா விட மாட்டாங்க. பழைய ஐஸ் பெட்டி ஒண்ணு வாங்கிப் போடுன்னு யாரும் எழுத வேணாம், இடமும் இல்ல, காசும் இல்ல. வாளியைச் சுத்தி ஈரத் துணி போட்டு காத்தாடி வச்சா போதும்னு வெள்ளைக்காரங்க எழுதுறாங்க. நம்ம ஊர்ல எடுபடுமா? எந்த ஈஸ்ட்? மீன் வர்ற வெள்ளைப் பெட்டிக்குள்ள வாளியை வச்சா ஒரு நாளைக்கு எத்தனை ஐஸ் போத்தல் பிடிக்கும்?

---

பழைய_அண்டா எழுதியது:

எடுபடாது தம்பி. ஈரத் துணி குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். காற்று வறண்டிருந்தால் வேகமாக ஆவியாகும். நம் ஊரில் 31 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் என்றால் காத்தாடி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் துணி 26-க்குக் கீழே போகாது. விடியற்காலை காற்று 25 என்றால் துணி 24. மண்பானைக்கும் இதே எல்லைதான். பானைத் தண்ணீர் நாக்குக்குச் சில்லென்று இருக்கும், லாகர் ஈஸ்ட்டுக்கு அது கொதிக்கிற வெயில்.

ஆனால் ஐஸ் எடுபடும். 1553-இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று ஆணையே போட்டார்கள். வெயில் காலத்துச் சரக்கு கெட்டுப்போனதுதான் காரணம். 1870-களில் கார்ல் வான் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் வரும் வரைக்கும் குளத்து ஐஸை வெட்டி நிலவறையில் அடுக்கித்தான் லாகர் செய்தார்கள். அவர்களிடமும் ஐஸ் பெட்டி கிடையாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். லாகருக்கு ஆறு வாரமும் குளிர் வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் கைவிடுகிறார்கள். குளிர் வேண்டியது இரண்டே கட்டத்தில். ஈஸ்ட் பெருகும் முதல் நாலைந்து நாள் 12 முதல் 14 டிகிரி. பழ வாடைக்கான எஸ்டர்களும் கனமான ஆல்கஹால்களும் பெரும்பாலும் அப்போதுதான் உருவாகின்றன. பிறகு போத்தலில் அடைத்து நுரைக்கான காற்று (கார்பன் டைஆக்சைடு) ஏறியதும் மூன்று நாலு வாரம் 4 டிகிரி. அது உங்கள் அம்மாவின் ஐஸ் பெட்டிக் கீழ்த்தட்டு. நடுவில் உள்ள ஒரு வாரத்துக்கு வெப்பம்தான் வேண்டும், குளிர் இருந்தால் கெடுதல்.

அதனால் அளவை வாளியிலிருந்து கணக்குப் போடாதீர்கள், கீழ்த்தட்டிலிருந்து போடுங்கள். 10 லிட்டர் போட்டால் வண்டல் போக 9 லிட்டர் தேறும். 1.5 லிட்டர் போத்தலில் ஆறு. ஒரு வரிசை. 20 லிட்டர் போட்டால் ஐஸும் பத்தாது, தட்டும் பத்தாது.

ஈஸ்ட்: டபிள்யூ-34/70. 18 டிகிரி வரைக்கும் பொறுத்துக்கொள்ளும், ஐஸ் மாற்ற ஒரு வேளை தாமதமானாலும் பழிவாங்காது. லாலமண்ட் நோவாலாகர் கிடைத்தால் அதுவும் சரி, 10 முதல் 20 வரை எழுதியிருக்கிறார்கள். எஸ்-23 இந்தப் பெட்டிக்கு வேண்டாம், கொஞ்சம் சூடானாலே பழ வாடை காட்டும்.

---

தாப்பா_ரோடு எழுதியது:

அண்டா அண்ணன் சொன்னதுக்கு நான் எண்ணிக்கை போட்டுத் தர்றேன்.

வெள்ளை போலிஸ்டிரின் பெட்டி, உள்ளளவு 50 க்கு 35 க்கு 40 சென்டிமீட்டர், சுவர் கனம் 25 மில்லிமீட்டர். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். வெளியே சராசரி 28, உள்ளே 14 வச்சுக்கிட்டா சுவர் வழியா உள்ளே வர்ற சூடு சுமார் 20 வாட். ஒரு நாளைக்கு 1,800 கிலோஜூல் கிட்ட. ஃப்ரீசர்ல கல்லா உறைஞ்ச 1.5 லிட்டர் போத்தல் (1.4 லிட்டர் தண்ணிதான் ஊத்தணும், மேல இடம் விடலன்னா மூடி பிதுங்கிடும்) உருகி 14 டிகிரிக்கு வர்றதுக்குள்ள சுமார் 600 கிலோஜூல் இழுக்கும். ஆக சுவருக்கு மட்டும் நாளைக்கு மூணு போத்தல். நொதிக்கும்போது 10 லிட்டர் சரக்கு தானா விடுற சூடு மொத்தமே 500 சொச்சம் கிலோஜூல், அது நாலைந்து நாள்ல பரவும். உச்ச நாள்ல கால் போத்தல் கூட. பார்த்தீங்களா, ஐஸைத் தின்கிறது ஈஸ்ட் இல்ல, சுவரு.

அதனால போத்தலைக் கூட்டாதீங்க, சுவரைத் தடியாக்குங்க. ஹார்ட்வேர் கடையில 25 மில்லி போலிஸ்டிரின் தகடு வாங்கி அஞ்சு பக்கமும் மூடிக்கும் ஒட்டினா 50 மில்லி ஆயிடும், நாளைக்கு ஒண்ணரை இரண்டு போத்தல்ல முடிஞ்சிடும். உங்க ஃப்ரீசருக்கு இதுதான் கணக்கு. நாலு போத்தலையும் ஒண்ணா உள்ளே தள்ளினா ராத்திரிக்குள்ள கல்லாகாது, நடுவுல தண்ணியாவே கிடக்கும். பாதி உறைஞ்ச போத்தல் பாதி வேலைதான் செய்யும்.

பெட்டி உயரம் பத்தலன்னா ஒரே அளவுல இரண்டை வாயோடு வாய் கவுத்து, நடுவுல டேப் ஒட்டுங்க. பாசார்ல மீன்காரங்க தூக்கிப் போடுறது வேணாம், எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. காய்கறிக் கடையில புரோக்கோலி வர்ற பெட்டி கேளுங்க.

---

சிப்புட்_லயம் எழுதியது:

இரண்டு சந்தேகம். வாளியைச் சுத்தி தண்ணி ஊத்தி அதுல போத்தலை மிதக்க விடலாமா, இல்ல காய்ஞ்ச பெட்டியே போதுமா? இன்னொண்ணு, தண்ணியில உப்பு போட்டு உறைய வச்சா இன்னும் குளிர்ச்சியா இருக்கும்னு ஒரு நண்பர் சொல்றார்.

---

தாப்பா_ரோடு எழுதியது:

முதல் இறக்கத்துக்குத் தண்ணி, பிடிச்சு வைக்கிறதுக்குக் காய்ஞ்ச பெட்டி.

தண்ணிக்குள்ள ஐஸ் போத்தல் இரண்டு மணி நேரத்துல உருகிடும். 13-ல இருந்த வாளி சட்டுனு 8-க்கு இறங்கும், ஈஸ்ட் படுத்துடும், அப்புறம் ராத்திரி பூரா ஏறிக்கிட்டே போகும். காத்துல நிக்கிற போத்தல் மெதுவாத்தான் உருகும், ஒண்ணு ஏறக்குறைய 10 வாட் இழுக்கும். 25 மில்லி பெட்டியில எப்பவும் இரண்டு மூணு நின்னா உள்ளே வர்ற சூட்டுக்குச் சரியா இருக்கும். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, உருகினதை மட்டும் மாத்துங்க. சூடு ஏறினா ஐஸ் தானா வேகமா உருகும், குளிர்ந்தா மெதுவா உருகும். கன்ட்ரோலர் வாங்க வேண்டிய வேலையே இல்ல.

உப்பு வேணாம். உப்புத் தண்ணி சுழியத்துக்குக் கீழே உருகும், அவ்வளவுதான்; அதிகமா சூடு இழுக்காது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். நமக்கு 13 டிகிரி போதும், சாதா ஐஸே மிச்சம். வீட்டு ஃப்ரீசர்ல உப்புத் தண்ணி முழுசா உறையாமலும் போகலாம்.

தெர்மாமீட்டர்: மீன் தொட்டிக்கு விக்கிற கம்பி வச்ச டிஜிட்டல் போதும். முனையை வாளியோட பக்கவாட்டுல, சரக்கு இருக்கிற உயரத்துல வச்சு, மேல பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வச்சு டேப்பால இறுக்குங்க. சும்மா பெட்டிக்குள்ள தொங்க விட்டா காத்தோட சூட்டைத்தான் காட்டும். உச்ச நாள்ல சரக்கு காத்தை விட 1, 2 டிகிரி கூடவே இருக்கும்.

போத்தல் வேர்த்து அடியில தண்ணி தேங்கும். தினம் துடைங்க. விட்டா நாலாம் நாள் கரும்பூசணம்.

---

குவைக்_பிரியன் எழுதியது:

இவ்வளவு பாடு எதுக்கு ப்ரோ? லூட்ரா குவைக் போடுங்க. நார்வே பண்ணை ஈஸ்ட், 20 முதல் 35 டிகிரி வரைக்கும் சுத்தமா வேலை செய்யும். நம்ம வீட்டுச் சூடு அதுக்குச் சொர்க்கம். மூணு நாலு நாள்ல முடிஞ்சிடும். ஐஸும் வேணாம், பெட்டியும் வேணாம். கீழ்த்தட்டுல இரண்டு வாரம் வச்சா பத்துல எட்டுப் பேருக்கு வித்தியாசம் தெரியாது லா.

ஒண்ணு மட்டும் கவனம். லாகர் மாதிரி லேசான வோர்ட்ல (ஈஸ்ட் போடுறதுக்கு முந்தின இனிப்புச் சாறு) குவைக்குக்குச் சத்து பத்தாது. ஈஸ்ட் நியூட்ரியன்ட் 10 லிட்டருக்கு அரை தேக்கரண்டி, கொதி முடியறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி. வொஸ் வகை வேணாம், ஆரஞ்சுத் தோல் வாடை வரும்.

---

பழைய_அண்டா எழுதியது:

குவைக் நல்ல பீர் தரும், மறுக்கவில்லை. முதல் முறை மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) வாங்கி, பெட்டி தயாராகாமல் இருப்பவர்கள் அதையே போடட்டும். ஆனால் அதில் மெல்லிய புளிப்பு ஒன்று நிற்கும். லாகரில் இருக்கும் ரொட்டி மணமும், கொஞ்சமாய்க் கந்தகமும் அதில் இருக்காது. கேட்டவர் லாகர் கேட்டிருக்கிறார்.

---

குவைக்_பிரியன் எழுதியது:

கந்தகம் இல்லன்னு வருத்தப்படுற முதல் ஆளு நீங்கதான் அண்ணே.

---

அரிசிக்கஞ்சி எழுதியது:

ஈஸ்ட் சண்டை நடக்கட்டும். அடுப்பு வேலையை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். 10 லிட்டருக்கு, அரிசி சேர்த்த லாகர். அரிசி சேர்ப்பது வெறும் மலிவுக்காக இல்லை. நிறம் வெளுக்கும், பீரின் கனம் குறையும், நம் வெயிலுக்கு அதுதான் இதம்.

பில்ஸ்னர் மால்ட் 1.8 கிலோ, அரிசி 400 கிராம், ஸாட்ஸ் ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) 35 கிராம், தண்ணீர் 15 லிட்டர். மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்குங்கள். மிக்ஸியில் அடித்தால் உமி தூளாகி, கஷாயம் மாதிரி நாக்கில் துவர்ப்பு ஒட்டும். டவுன் மசாலா மில்லில் கொடுப்பது அதைவிட மோசம், மிளகாய் வாடையோடு வரும்.

அரிசி சாதா வெள்ளைப் பச்சரிசி, நொய்யாக இருந்தால் இன்னும் நல்லது. புழுங்கலரிசி வேண்டாம், அதன் வாடை கடைசி வரைக்கும் நிற்கும். அரிசியை 2.5 லிட்டர் தண்ணீரில் போட்டு, உடைத்த மால்ட்டில் ஒரு பிடி (40 கிராம்) சேர்த்து, 70 டிகிரியில் 10 நிமிடம் வைத்துவிட்டுக் கொதிக்க விடுங்கள். அந்த ஒரு பிடி மால்ட் கஞ்சியை இளக்கும், அடி பிடிக்காது. 20 நிமிடம், பருக்கை தெரியாமல் குழையணும். வேகாத அரிசியின் மாவை மால்ட்டால் சர்க்கரையாக்க முடியாது, அப்படியே கலங்கலாக மிதக்கும்.

பெரிய அண்டாவில் மீதி 12.5 லிட்டரை 62 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்லிய வாயில் (voile) துணியில் தைத்த பையை விரித்து மால்ட்டைக் கொட்டிக் கட்டி இல்லாமல் கிளறுங்கள். 60 பக்கம் இறங்கும். அதில் கொதிக்கிற கஞ்சியை ஊற்றினால் 65-க்கு வந்து நிற்கும். மூடி, பழைய கம்பளி சுற்றி ஒரு மணி நேரம். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. பிறகு ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் இன்னும் மாவு இருக்கிறது, 15 நிமிடம் கூட வையுங்கள். சோதித்த சொட்டைக் கீழே ஊற்றிவிடுங்கள், அண்டாவில் சேர்க்காதீர்கள்.

பையைத் தூக்கி வடியவிட்டு நன்றாகப் பிழியுங்கள். அப்புறம் 60 நிமிடம் தளதளவென்று கொதி, மூடியைத் திறந்து வைத்து. கேஸ் மிச்சம் பிடிக்க மூடி போடுகிறவர்கள்தான் வேகவைத்த சோளம் மணக்குதே என்று பிறகு வந்து கேட்கிறார்கள். பில்ஸ்னர் மால்ட்டிலிருந்து கிளம்பும் கந்தகச் சேர்மம் அது, ஆவியோடு வெளியே போக வழி வேண்டும். கொதி தொடங்கியதும் ஹாப்ஸ் 25 கிராம், கடைசி 10 நிமிடத்தில் மீதி 10. அப்போதே ஐரிஷ் மாஸ் ஒரு கிராம். அது கடற்பாசி. தெளியவைக்க ஜெலட்டின் போடச் சொல்வார்கள், அது மாட்டுத் தோலா எதுவா என்று பார்க்க வேண்டியிருக்கும். நம் வீடுகளுக்குப் பாசியே உத்தமம்.

முடிவில் 10 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.047 பக்கம். ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவு வைத்தது. 30 டிகிரிச் சரக்கில் முக்கினால் 0.002 குறைத்துக் காட்டும், கூட்டிக்கொள்ளுங்கள்.

---

சிப்புட்_லயம் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. 95 டிகிரியில இருந்து 12-க்கு எப்படி இறக்குறது? நம்ம குழாய்த் தண்ணியே 28 டிகிரி.

---

அரிசிக்கஞ்சி எழுதியது:

சூடான சரக்கில் ஐஸை வீணாக்காதீர்கள். குளிக்கிற பேசினில் அண்டாவை மூடியோடு இறக்கி, குழாய்த் தண்ணீரை ஊற்றி, சூடானதும் கொட்டி மறுபடி ஊற்றுங்கள். நாலைந்து முறை மாற்றினால் 35-க்கு வந்துவிடும், செலவு தண்ணீர் மட்டும். அங்கிருந்து 12-க்குத்தான் ஐஸ். கணக்குப்படி 3 கிலோ போதும், பேசினும் காற்றும் தின்பது போக 5 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வண்டி வரும் கடையில் ஒரு மூட்டை. வீட்டு ஐஸ் போத்தலை இதற்குத் தொடாதீர்கள், அது ராத்திரிப் பெட்டிக்கு.

80 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு சரக்கில் படுவது எல்லாம் கிருமிநாசினியில் முக்கியெடுத்ததாக இருக்கணும். ஸ்டார் சான் 1 லிட்டருக்கு 1.5 மில்லி. கிளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் போட்டு வாளி கழுவினால் சரியாக அலசாவிட்டால் ஒரு துளி நிற்கும், பீர் பிளாஸ்டர் ஒட்டிய மாதிரி மணக்கும். அதே காரணத்துக்குத்தான் காய்ச்சுகிற தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. கேம்ப்டன் மாத்திரையில் கால்வாசியைப் பொடித்து 15 லிட்டரில் கலக்கினால் வேலை முடிந்தது.

---

பழைய_அண்டா எழுதியது:

தொடர்ச்சியை நான் சொல்கிறேன்.

ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட், 10 லிட்டருக்கு முழுவதும். ஏலுக்கு அரைப் பாக்கெட் போட்டுப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே செய்து, மூன்று நாளாகக் குமிழியே வரவில்லை என்று தவிப்பார்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும், அதனால் தலை எண்ணிக்கை தொடக்கத்திலேயே அதிகம் வேண்டும். சரக்கு 14-க்கு வந்த பிறகு தூவுங்கள். 28-இல் தூவிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் குளிர வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பழ வாடை அந்த ராத்திரியிலேயே உருவாகிவிடும், பிறகு எத்தனை வாரம் குளிரில் வைத்தாலும் போகாது.

12 லிட்டருக்குக் குறையாத வாளி. காற்றடைப்பானில் (உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் மூடி) தண்ணீருக்குப் பதில் கிருமிநாசினி. சரக்கு குளிரும்போது சுருங்கி, காற்றடைப்பான் திரவத்தை உள்ளே இழுக்கும். அதனால் முதல் ராத்திரி வாயில் வோட்கா நனைத்த பஞ்சு போதும். நம் ஊர்ப் பழ ஈ ஒன்று உள்ளே போனால் வினிகர்தான் மிஞ்சும், அதனால் பஞ்சைத் தளர்வாக விடாதீர்கள்.

முதல் நாள் சாயங்காலம் முதல் நாலாம் நாள் வரை 12 முதல் 14. இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாறும். அது இந்த ஈஸ்ட்டின் சுபாவம், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். ஐந்தாம் நாள் அடர்த்தி பாருங்கள். 1.018, 1.020 பக்கம் வந்திருந்தால் ஐஸ் மாற்றுவதை நிறுத்திவிடலாம். பெட்டி மூடியபடியே இருக்கட்டும். ஒன்றரை நாளில் தானாக 18, 20-க்கு ஏறும். பிறகு ஒரு நாளைக்கு ஒரு போத்தல் வைத்து 22-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அங்கே மூன்று நாலு நாள்.

இந்தச் சூடு எதற்கு என்றால், நொதிக்கும்போது டயசெட்டைல் என்ற வெண்ணெய் வாடை உருவாகும். அதை ஈஸ்டே திரும்பத் தின்றுவிடும், ஆனால் குளிரில் சோம்பல் படும். சோதிக்க வழி இருக்கிறது. இரண்டு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் சரக்கு எடுத்து மூடி, ஒன்றை 60 டிகிரி சுடுதண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். ஆறியதும் இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடு காட்டிய குவளையில் பாப்கார்ன், மார்ஜரின் மணம் வந்தால் இன்னும் இரண்டு நாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அடைக்கலாம்.

---

தோட்டத்து_இஞ்சினியர் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அழுத்தத்தில் நொதிக்க வைத்தால் 34/70-ஐ 20 டிகிரியிலும் சுத்தமாக முடிக்கலாம் என்கிறார்களே. ஸ்பண்டிங் வால்வு (அழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைப்பது) வைத்து 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அப்படிச் செய்தால் ஐஸ் மிச்சமாகுமே.

---

தாப்பா_ரோடு எழுதியது:

மிச்சமாகும், 20-ல வைக்க முடிஞ்சா. நம்ம அறை 28-லயும் 31-லயும் கிடக்கு, அழுத்தம் போட்டாலும் அந்தச் சூட்டை மறைக்காது. பெட்டியும் ஐஸும் எப்படியும் வேணும், மேல கெக்கும் (அழுத்தம் தாங்குற பீர் பீப்பாய்) வால்வும் வாங்கணும். கேள்வியே மலிவா செய்யறதுக்குத்தானே.

இன்னொண்ணு, யாரும் 5 லிட்டர், 6 லிட்டர் குடிதண்ணி போத்தலை மூடி இறுக்கி இதுக்குப் பயன்படுத்த வேணாம். அது அழுத்தம் தாங்கச் செஞ்சது இல்ல. கேஸ் பான போத்தல் மட்டும்தான் தாங்கும்.

---

நிர்வாகி எழுதியது:

புதிதாக வருபவர்களுக்கு. நம் மலேசியாவில் மதுபானம் தயாரிப்பது 1976-ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் உரிமம் சார்ந்த விஷயம். தொடங்கும் முன் சுங்கத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விற்பனை பற்றியும், காய்ச்சி வடிப்பது பற்றியும் இங்கே எழுதினால் நீக்கப்படும். சம்சு (மலிவுச் சாராயம்) தோட்டங்களுக்குச் செய்தது போதும்.

---

சிப்புட்_லயம் எழுதியது:

புரிஞ்சது. அடைக்கிறதுக்குச் சர்க்கரை எவ்வளவு? ஏலுக்கு ஒரு போத்தலுக்கு இரண்டு தேக்கரண்டின்னு போட்டுக்கிட்டு இருக்கேன்.

---

அரிசிக்கஞ்சி எழுதியது:

தேக்கரண்டிக் கணக்கை விடுங்கள், ஒவ்வொரு கை ஒவ்வொரு மாதிரி அள்ளும். நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

முதலில் அடர்த்தி நின்றுவிட்டதா என்று பாருங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வரணும், 1.009 பக்கம். ஆல்கஹால் 5 விழுக்காடு சொச்சம் என்று அர்த்தம். இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதை அடைத்தால் போத்தல் வெடிக்கும். பழைய கண்ணாடிச் சோயாசாஸ் போத்தலில் அடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரக்கு 20 டிகிரி வரைக்கும் போயிருந்தால் லிட்டருக்கு 6.3 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 1.5 லிட்டர் போத்தலுக்கு 9.5 கிராம். ஐஸ் தீர்ந்து அறைச் சூட்டுக்கே போய்விட்டிருந்தால் கரைந்திருந்த காற்று கொஞ்சம் வெளியேறியிருக்கும், லிட்டருக்கு 7 கிராம் போடுங்கள். சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சிரிஞ்சால் போத்தலுக்குப் போத்தல் அளந்து விட்டால் எல்லாம் ஒரே மாதிரி வரும்.

போத்தல் சோடா, கோலா வந்த பிளாஸ்டிக்கே. ரூட் பியர், சர்சி வந்த போத்தல் வேண்டாம், வாடை பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். சரக்கை ஊற்றும்போது குழாய் அடி வரை போகட்டும், சலசலவென்று விழக் கூடாது. மூடும் முன் போத்தலை லேசாக அமுக்கி நுரை வாய்க்கு வந்ததும் மூடுங்கள். மேலே நிற்கும் காற்றுதான் பீரை ஈர அட்டை மாதிரி ஆக்கும். நம் சூட்டில் அது இரண்டே வாரத்தில் தெரியும்.

இருட்டில், அறைச் சூட்டில் ஐந்து முதல் ஏழு நாள். கையால் அமுக்கிப் பாருங்கள். கடையில் வாங்கிய புதுச் சோடா போத்தல் மாதிரி கல்லாக இருந்தால் ஐஸ் பெட்டிக்குப் போகலாம். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் அரை நாளில் ஹாப்ஸ் கெட்டு, மரநாய் வாடை ஏறும். வெளிச்சம் ஊடுருவுகிற போத்தல் என்பதால் கறுப்புப் பை போட்டு மூடுங்கள்.

---

பழைய_அண்டா எழுதியது:

ஐஸ் பெட்டியில் நிற்க வையுங்கள், படுக்க வைத்தால் வண்டல் பக்கவாட்டில் ஒட்டி ஊற்றும்போது கலங்கும். கதவில் வேண்டாம், அங்கேதான் சூடும் குலுக்கலும் அதிகம். மூன்று வாரம் தொடாதீர்கள். ஒரு வாரத்தில் முட்டை நாற்றம் மறையும், இரண்டில் தெளியும். மூன்றாவது வாரத்தில்தான் கசப்பின் முனை மழுங்கும். பிளாஸ்டிக் வழியே காற்று மெல்ல உள்ளே போகும், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

கேமரன் மலையில் உறவு இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன என்று இன்னொரு இழையில் யாரோ கேட்டிருந்தார். தானா ராத்தாவில் ராத்திரி 15, 16 வரும், பகலில் 22 போகும். 34/70-க்கு ஓரளவு ஒத்துவரும், ஆனால் பெட்டியில் ஒரே ஒரு ஐஸ் போத்தல் அங்கேயும் வைக்கணும். நுரைக்கிற வாளியோடு தாப்பா மலைப்பாதை வளைவுகள் முழுக்கப் போவதைவிட, ஐஸ் மாற்றுவது சுலபம்.

---

சிப்புட்_லயம் எழுதியது:

கடைசியா ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் புது ஈஸ்ட் பாக்கெட் வாங்கணுமா? அதுதான் செலவுல பெரிசா தெரியுது.

---

தாப்பா_ரோடு எழுதியது:

வேணாம். சரக்கை அடைச்சதும் வாளி அடியில பழுப்பு வெள்ளையா குழம்பு மாதிரி நிக்கும். கொதிச்சு ஆறின தண்ணி அரை லிட்டர் ஊத்திச் சுழட்டி, 10 நிமிஷம் விட்டு, அடியில சட்டுனு தங்குற ஹாப்ஸ் குப்பையை விட்டுட்டு மேல மிதக்கிற பால் மாதிரி திரவத்தை மட்டும் கிருமிநாசினி போட்ட ஜாடியில வடிங்க. ராத்திரி ஐஸ் பெட்டியில வச்சா ஈஸ்ட் கெட்டியா அடியில இறங்கும். மேல தண்ணியைக் கொட்டிட்டு 100 முதல் 150 மில்லி கெட்டி ஈஸ்ட் போட்டா அடுத்த 10 லிட்டருக்குச் சரி. இரண்டு வாரத்துக்குள்ள போட்டுடுங்க, நாலைந்து சுத்துக்கு மேல இழுக்காதீங்க, புளிப்போ பழ வாடையோ தலை காட்டினா அன்னைக்கே கொட்டிடுங்க. பாக்கெட் ஈஸ்ட்டுக்கு வோர்ட்ல காத்து ஏத்த வேணாம், ஆனா இந்தக் குழம்புக்கு வேணும். வாளியை மூடி இரண்டு நிமிஷம் நல்லா குலுக்கிட்டு அப்புறம் போடுங்க.

ஜாடி மூடியை இறுக்காதீங்க, காத்து விட்டுக்கிட்டே இருக்கும். மேல சீட்டு ஒட்டுங்க. ஆப்ப மாவு மாதிரியே இருக்கும்.